நிலம் சார்ந்த கற்றல்: ஸ்காபரோவில் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் இரண்டு பிள்ளைகளும் ஸ்காபரோவில் ஓர் ஆரம்பப் பாடசாலைக்குப் போகிறார்கள். நான் அங்கே பெற்றோர் கவுன்சிலில் இருக்கிறேன். கனடாவின் பூர்வகுடி மக்களுடைய அறிவையும், நிலத்தில் இறங்கிப் படிப்பதையும் பாடசாலை தன் அன்றாட வேலையாக எடுத்துக்கொண்டபின், தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் சந்தேகங்கள் வந்தன. பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வாசலில் நிற்கும்போது என்னிடம் கேட்பார்கள். சில கேள்விகள் எனக்கும் முதலில் இருந்தவைதான். அவற்றை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

நிலம் சார்ந்த கற்றல் என்றால் என்ன? வெளியில் கொண்டுபோய் விளையாட விடுவதா?

இல்லை. விளையாட்டும் அதில் உண்டு, ஆனால் அதுமட்டும் இல்லை. நிலத்தையும் நீரையும் மரத்தையும் ஆசிரியராக வைத்துப் படிப்பது என்று சொன்னால் சரியாக இருக்கும். ஒரே இடத்துக்கு வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போவார்கள். அங்கே என்ன மாறியது, ஏன் மாறியது என்று பார்ப்பார்கள். அந்த இடத்தைக் காலங்காலமாக அறிந்த மக்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்றும் கேட்பார்கள். சும்மா ஒரு சுற்றுலாவாக அது முடியாமல் இருப்பது இந்த மூன்றாவதால்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். செப்டெம்பர் கடைசியில் ஹைலண்ட் கிரீக்கில் சால்மன் மீன்கள் ஏரியிலிருந்து ஆற்றுக்கு எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும். என் மகளின் வகுப்போடு துணைக்குப் போனேன். முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். ஆழமில்லாத இடத்தில் முதுகு வெளியே தெரிய, கற்களில் உரசி உரசி ஏறியது. வால் பக்கம் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. ஒரு பிள்ளைகூடக் கத்தவில்லை. பிறகு கரையில் உட்கார்ந்து ஆசிரியை கதையைச் சொன்னார். ஒன்ராறியோ ஏரிக்குச் சொந்தமான அட்லாண்டிக் சால்மன், மில்களுக்காகக் கட்டிய அணைகளாலும் காடழிப்பாலும் 1890களில் இந்த ஏரியிலிருந்து இல்லாமலே போய்விட்டது. இப்போது ஏறி வருவது சினூக். அது பசிபிக் கரையிலிருந்து 1960களின் கடைசியில் கொண்டுவந்து விட்ட இனம். "அப்போ இந்த மீனும் வேறு இடத்திலிருந்து வந்ததா, எங்களைப் போல?" என்று ஒரு பையன் கேட்டான். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை அவனிடமிருந்து வாங்கியிருக்க முடியாது.

பூர்வகுடி மக்கள் என்று யாரைச் சொல்கிறார்கள்? நாங்கள் "செவ்விந்தியர்" என்றுதானே படித்தோம்?

அந்தச் சொல்லை விட்டுவிடுவோம். தோல் நிறத்தை வைத்தும், கொலம்பஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்த பிழையை வைத்தும் உண்டான பெயர் அது. 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பு மூன்று பிரிவினரை ஏற்றுக்கொள்கிறது: ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் எனப்படும் முதற்குடிகள், வடக்கே பனிநிலத்தின் இனுவிட், அப்புறம் பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெட்டி மக்கள். முதற்குடிச் சமூகங்களே 600க்கு மேல். 2021 கணக்கெடுப்பில் பூர்வகுடி மக்கள் மொத்தம் சுமார் 18 லட்சம் பேர், அதாவது நாட்டின் மக்கள்தொகையில் 5 சதவீதம். இதில் பெரும் பங்கினர் நகரங்களில் வாழ்கிறார்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பிலேயே ஒருவர் இருக்கலாம். "முந்தி இங்கே வாழ்ந்தவர்கள்" என்று இறந்தகாலத்தில் பேசாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது அதனால்தான்.

காலையில் ஒலிபெருக்கியில் நிலத்தைப் பற்றி ஏதோ வாசிக்கிறார்களே, அது என்ன? வீடு வாசல் எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டி வருமா?

அதற்கு நில ஒப்புதல் என்று பெயர். ரொறன்ரோ கல்விச்சபையின் பாடசாலைகளில் 2016இலிருந்து நாளாந்தம் சொல்லப்படுகிறது. இந்த நிலம் மிஸிசாகா, அனிஷினாபே, ஹோடெனோஷோனி, வென்டாட் மக்களின் நிலம் என்பதைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்வதுதான் அது. உங்கள் வீட்டு உறுதியை அது ஒன்றும் செய்யாது.

ஆனால் பின்னால் இருக்கும் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1805இல் ரொறன்ரோ நிலத்தை மிஸிசாகா மக்களிடமிருந்து பிரித்தானிய அரசு எழுதி வாங்கியது. கொடுத்த விலை 10 ஷில்லிங். 13ஆம் ஒப்பந்தம் என்பது இதுதான். 200 வருடத்துக்குப் பிறகு, 2010இல், கனடா அரசு 14.5 கோடி டொலர் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்தது. நகரின் கிழக்குப் பக்கம் 1923இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்குள் வருகிறது. அதில் வேட்டையாடும், மீன்பிடிக்கும் உரிமையையே பறித்துவிட்டார்கள் என்று ஏழு முதற்குடிச் சமூகங்கள் போராடின. 2018இல் 110 கோடி டொலருக்கு அதிகமான தொகைக்குத் தீர்வு வந்தது. காணி உறுதியின் அருமையும், காணியை இழந்த வலியும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒரு நிமிட வாசிப்பின்போது பிள்ளை அசையாமல் நிற்க வேண்டும் என்று நான் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டுமா? பயப்படமாட்டாளா?

எனக்கும் இதே தயக்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து 1990கள் வரை, அரசும் திருச்சபைகளும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளில் அடைத்தன. தாய்மொழி பேசினால் அடி. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. இதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் 94 நடவடிக்கை அழைப்புகளை முன்வைத்தது. அதில் 62ஆவது, இந்த வரலாற்றைப் பாலர் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை வயதுக்கேற்றபடி கட்டாயம் கற்பிக்கச் சொல்கிறது. ஒன்ராறியோவில் 2023 செப்டெம்பரிலிருந்து முதல் மூன்று வகுப்புகளின் சமூகக் கல்வியிலும் இது கட்டாயம்.

"வயதுக்கேற்றபடி" என்பதுதான் முக்கியம். சின்ன வகுப்புகளில் மரணங்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு சட்டையைப் பற்றிப் பேசுகிறார்கள். 1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்குப் பாட்டி ஓர் ஆரஞ்சுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். வதிவிடப் பாடசாலையில் முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திரும்பக் கொடுக்கவேயில்லை. அவர் பெரியவரானபின் சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் 2013இல் ஆரஞ்சுச் சட்டை நாள் பிறந்தது. அதே செப்டெம்பர் 30, 2021இலிருந்து தேசிய நினைவு நாளாகவும் இருக்கிறது.

என் மகள் அன்று வீட்டுக்கு வந்து, "அம்மம்மா வாங்கித் தந்த சட்டையை யாராவது எடுத்தால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டாள். "உன்னுடையதை யாரும் எடுக்கமாட்டார்கள். அந்தப் பிள்ளையுடையதை எடுத்தது பெரிய பிழை" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. பயந்து அழவில்லை, அன்று முழுக்க அந்தச் சட்டையைக் கழற்ற மறுத்தாள்.

உங்கள் குடும்பம் போரில் யாரையாவது இழந்திருந்தால், அல்லது பிள்ளை ஏற்கெனவே பிரிவைப் பார்த்திருந்தால், அந்த வாரத்துக்கு முன்பே வகுப்பு ஆசிரியையிடம் சொல்லிவையுங்கள்.

மூலிகை கொளுத்திப் புகை போடுகிறார்களாம். அது வேறு சமயச் சடங்கு அல்லவா?

ஸ்மட்ஜிங் என்பார்கள். காய்ந்த சேஜ், சீடர், இனிப்புப் புல், புகையிலை ஆகிய நான்கும் அனிஷினாபே மக்களுக்குப் புனிதமான மருந்துகள். ஒரு சிப்பியிலோ கிண்ணத்திலோ சிறிது சேஜ் வைத்துக் கொளுத்தி, எழும் புகையைக் கையால் அள்ளித் தலைக்கும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கொண்டுபோவார்கள். மனதைத் தெளிவாக்கி வேலையைத் தொடங்க அது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

கட்டாயமா என்றால், இல்லை. எங்கள் பாடசாலையில் முன்கூட்டியே கடிதம் வரும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும், வேண்டாம் என்பவர்களுக்கும் வேறு ஏற்பாடு உண்டு. பக்கத்தில் நின்று பார்க்கவும் செய்யலாம். இது நீதிமன்றம் வரை போன விஷயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் போர்ட் அல்பெர்னியில் ஒரு தாய், பாடசாலையில் நடந்த ஸ்மட்ஜிங் தன் பிள்ளைகளின் மதச் சுதந்திரத்தை மீறியது என்று வழக்குப் போட்டார். ஒரு பண்பாட்டைப் பற்றி அறியச் செய்வது வேறு, அதன் நம்பிக்கையைக் கைக்கொள்ள வற்புறுத்துவது வேறு என்று 2020இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டிலும் 2022இல் அதுவே நின்றது. இது சரியான கோடு என்றுதான் நான் நினைக்கிறேன். நம் பொங்கலை வகுப்பில் விளக்கும்போது நாமும் அதே கோட்டில்தான் நிற்கிறோம்.

இதற்கெல்லாம் நேரம் போனால் கணக்கும் வாசிப்பும் பின்தங்காதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்காகக் கணக்கு, வாசிப்புப் பாடத்திட்டம் மாறவில்லை. மூன்றாம், ஆறாம் வகுப்பு மாகாணத் தேர்வும் அப்படியே இருக்கிறது. மாறியது, கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது மட்டும்.

ஆமை ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 13 பெரிய தட்டுகள், ஓரத்தைச் சுற்றி 28 சிறியவை என்பது மரபான எண்ணிக்கை. அனிஷினாபே மூத்தோர் இதை நாட்காட்டியாக வாசிக்கிறார்கள்: வருடத்துக்கு 13 நிலவு, ஒவ்வொரு நிலவுக்கும் 28 நாள். நான்காம் வகுப்பில் ஆசிரியர் ஓட்டின் படத்தைக் கொடுத்து எண்ணச் சொன்னார். பிள்ளைகள் பெருக்கினார்கள், 364 வந்தது. "ஒரு நாள் குறையுது ரீச்சர்!" என்று முழு வகுப்பும் எழுந்து நின்றது. அந்த ஒரு நாள் எங்கே போனது, நிலவு உண்மையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது, நம் சித்திரைப் புத்தாண்டு எதை வைத்துக் கணிக்கப்படுகிறது என்று இரண்டு நாள் பேச்சு ஓடியது.

மார்ச்சில் மேப்பிள். இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில்தான் மரத்தில் நீர் ஓடும். தினமும் காலையில் வெப்பநிலையைக் குறித்து, எந்த நாளில் வாளி நிறையும் என்று பிள்ளைகள் ஊகித்தார்கள். 40 லீற்றர் மரநீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு. நாங்கள் சேர்த்தது 8 லீற்றர், அப்படியென்றால் எவ்வளவு கிடைக்கும்? 200 மில்லிலீற்றர் என்று ஒரு பிள்ளை கணக்குப் போட்டது. வெளியே அடுப்பு வைத்து மணிக்கணக்காகக் காய்ச்சி, கடைசியில் ஆளுக்கு ஒரு கரண்டிகூட வரவில்லை. அந்தச் சொட்டைப் பிள்ளைகள் நாக்கில் வைத்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி எடுப்பதை யாழ்ப்பாணத்தில் பார்த்து வளர்ந்தவள் நான். அன்று இரவு அதை என் பிள்ளைகளுக்கு முதல்முறையாகச் சொன்னேன். அதுவரை சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

நோவா ஸ்கோஷியாவின் மிக்மா மூத்தவர் அல்பர்ட் மார்ஷல் இதை இரு கண் பார்வை என்கிறார். பூர்வகுடி அறிவின் பலத்தை ஒரு கண்ணாலும், மேற்கத்திய அறிவியலின் பலத்தை மறு கண்ணாலும் பார்த்து, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது. எந்தக் கண்ணையும் மூடச் சொல்லவில்லை.

என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. இதில் அவனுக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் தானாக வந்துவிடாது. நீங்களும் கேட்டுப் பெற வேண்டும்.

எங்கள் பாடசாலையில் வட்டமாக உட்கார்ந்து பேசும் வழக்கம் உண்டு. ஒரு கல் கைமாறிப் போகும். கல் வைத்திருப்பவர் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். பேசாமல் அடுத்தவருக்குக் கொடுத்தாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. என் மகனின் வகுப்பில் ஒரு பிள்ளை மாதக்கணக்காகக் கல்லை வாங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தி, பேசாமலே கொடுத்து வந்தான். ஒருநாள் கல்லைப் பிடித்தபடி, "குளிராக இருக்கிறது" என்றான். அவ்வளவுதான். ஆசிரியை "மீக்வெச்" என்றார், அனிஷினாபே மக்களின் ஓஜிப்வே மொழியில் நன்றி என்று அர்த்தம். வட்டம் தொடர்ந்தது. யாரும் கைதட்டவில்லை, அதுதான் அவனுக்கு வசதியாக இருந்தது என்று அவன் அம்மா பிறகு என்னிடம் சொன்னார். கற்க நேரமும் பொறுமையும் வேண்டும் என்பது பூர்வகுடிக் கல்வியின் அடிப்படை. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லா ஆற்றங்கரைப் பாதையிலும் சக்கர நாற்காலி போகாது. ஒருமுறை ஒரு பிள்ளை வண்டி நிறுத்துமிடத்திலேயே காத்திருக்க நேர்ந்தது. அன்று எங்கள் எல்லோருக்கும் மனம் கனத்தது. அதற்குப்பின், எல்லோரும் போகக்கூடிய இடமாக இருந்தால் மட்டுமே வகுப்பு போகும் என்று கவுன்சில் எழுதி வைத்திருக்கிறது. உங்கள் பிள்ளைக்குத் தனிக் கல்வித் திட்டம் இருந்தால், வெளியிடக் கற்றலுக்கு என்ன தேவை என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். உதவியாளர், சத்தத்தைக் குறைக்கும் காதுக்கவசம், முன்னாலேயே அந்த இடத்தின் படங்கள் என்று எதுவானாலும் சரி.

குளிரில் காய்ச்சல் வராதா? உண்ணி கடிக்காதா?

நனைந்தால்தான் குளிர் வாட்டும். ஸ்னோ பான்ட், நீர் புகாத கையுறை, உள்ளே கம்பளி அல்லது செயற்கை நூல் உடுப்பு. பருத்தி நனைந்தால் காயாது. வாங்க வசதியில்லை என்றால் அலுவலகத்தில் தனியாகச் சொல்லுங்கள், எங்களிடம் இரவல் அலமாரி இருக்கிறது. கடும்குளிர் நாட்களில் கல்விச்சபையின் விதிப்படி உள்ளேயே வைத்துக்கொள்வார்கள்.

உண்ணி உண்மையான கவலைதான். ரூஜ் பகுதியில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இருக்கிறது. நீளக் காற்சட்டையை மேசுக்குள் செருகி விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம், தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள்.

தமிழே ஒழுங்காக வரவில்லை, ஓஜிப்வேச் சொற்கள் எதற்கு?

பத்துச் சொல் படிப்பதால் தமிழ் குறையாது. மீக்வெச், நிபி (தண்ணீர்), அக்கி (நிலம்) என்று ஆரம்பிப்பார்கள். கனடாவில் எழுபதுக்கு மேற்பட்ட பூர்வகுடி மொழிகள் இருக்கின்றன. பல மொழிகளில் சரளமாகப் பேசுபவர்கள் முதியவர்கள் மட்டுமே. அடித்து மறக்கவைத்த மொழியைப் பேரப்பிள்ளைகள் திரும்பப் படிக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான், என் மகன் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு முகம் சுளிக்காமல் போகத் தொடங்கினான்.

தவிர, நாம் தினமும் சொல்லும் பெயர்களே அந்த மொழிகளிலிருந்து வந்தவை. கனடா என்பது ஊர் என்று பொருள்படும் "கனாட்டா". ரொறன்ரோ, "நீருக்குள் மரங்கள் நிற்கும் இடம்" என்ற மொஹாக் சொல். சிம்கோ ஏரிப் பக்கம் ஒடுங்கிய நீர்வழியில் மீன் பிடிக்க நட்ட கழிகளைக் குறித்த பெயர் அது.

ட்ரீம்கேட்சர் (வலை பின்னி இறகு தொங்கவிட்ட வளையம்), இறகுத் தொப்பி செய்து அனுப்பலாமா?

வேண்டாம். ஒரு பாடசாலையில் முன்பு என் மகனுக்குக் காகித இறகுக் கிரீடம் செய்து தலையில் மாட்டிவிட்டார்கள். இறகுக் கிரீடம் அந்த மக்களிடையே உழைத்துப் பெறும் மரியாதை. வகுப்புக்கு வந்த மூத்தவரே கற்றுத் தந்தால் ட்ரீம்கேட்சர் செய்யலாம். கதைகளுக்கும் இப்படி முறை இருக்கிறது. சில கதைகளைப் பனி நிலத்தில் கிடக்கும்போது மட்டும்தான் சொல்வார்கள். பிள்ளை ஜூனில் கேட்டால் மூத்தவர் சிரித்துவிட்டு, "பனி வரட்டும்" என்பார்.

வார இறுதியில் குடும்பமாக எங்கே போகலாம்?

முதலில் டேபர் ஹில். லோரன்ஸ், பெலமி வீதிகளுக்குப் பக்கத்தில், வீடுகளுக்கு நடுவே புல் மூடிய ஒரு மேடு. 1956இல் மண்ணை வெட்டியபோது சுமார் 500 பேருடைய எலும்புகள் வெளிப்பட்டன. பல நூறு வருடங்களுக்கு முன் வென்டாட் மக்கள் தம் உறவினரை ஒன்றாகச் சேர்த்து அடக்கம் செய்த இடம். மேட்டில் ஏறி ஓடாமல், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்து வாருங்கள். பல தமிழ்க் குடும்பங்கள் இதற்குப் பத்து நிமிட தூரத்தில் இருக்கிறோம், நான் எத்தனையோ வருடம் தெரியாமலே அதைக் கடந்து வேலைக்குப் போயிருக்கிறேன்.

அப்புறம் ஏரிக்கரை. போகும்போது ஜோசஃபின் மாண்டமினைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த அனிஷினாபே பாட்டி 2003இல் ஒரு செம்புக் குடத்தில் நீரைச் சுமந்து சுப்பீரியர் ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கி, பிறகு ஐந்து பேரேரிகளையும் நடந்தே சுற்றினார்.

ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டிமார் உதவ முடியுமா? ஆங்கிலம் அவ்வளவாக வராதே.

தாராளமாக. எங்கள் தோட்டத்தில் சோளம், பயறு, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நடுகிறோம். ஹோடெனோஷோனி மக்கள் இவற்றை மூன்று சகோதரிகள் என்கிறார்கள். பயற்றங்கொடி சோளத்தில் ஏறும், மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும். பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும். ஜூனில் ஒரு வகுப்பு நட்டதை, செப்டெம்பரில் அடுத்த வகுப்பு அறுவடை செய்கிறது.

போன ஜூனில் ஒரு பிள்ளையின் அப்பப்பா வந்தார். வன்னியில் தோட்டம் செய்தவர். வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மண்ணை அள்ளி விரலால் நசுக்கிப் பார்த்து, "தண்ணி கூடிப்போச்சு பிள்ளை" என்றார். பேரன் ஆங்கிலத்தில் சொன்னான். அன்று வந்திருந்த அனிஷினாபே மூத்தவரும் குனிந்து அதே மாதிரி அள்ளிப் பார்த்துத் தலையாட்டினார். இருவரும் அரை மணி நேரம் கொடியைச் சோளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், மொழிபெயர்க்கப் பையன் பக்கத்தில்.

தொண்டராக வர பொலிஸ் சரிபார்ப்புச் சான்று வேண்டும். படிவம் பாடசாலை அலுவலகத்தில் கிடைக்கும், அதை நிரப்பத் தமிழில் உதவி தேவையென்றால் கவுன்சிலில் யாரையாவது கேளுங்கள். கைக்கு வரச் சில வாரம் எடுக்கும் என்பதால், ஜூன் நடுகைக்கு வர நினைப்பவர்கள் மார்ச்சுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.